ஒரு டீக்கிண்ணமும் நம்ம ஒர்க் ஷாப்பும்

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடுங்கள் என்று சங்கத்தில் அறிவிப்பு வந்ததும் 'இளைஞர் சக்தி', 'விஞ்ஞானம் வரமா, சாபமா?', 'நாளைய பாரதம்' என்று பெரிய பெரிய தலைப்புகளை எல்லாம் மற்றவர்கள் முந்திக்கொண்டு பிடித்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு டீக்கிண்ணம். அதுவும் ஜப்பான்காரன் கையால் செய்கிற, கைப்பிடி இல்லாத, பார்த்தால் கொஞ்சம் கோணலாகத் தெரிகிற மண் கிண்ணம். "ஏம்ப்பா, உனக்கு வேற தலைப்பே கெடைக்கலையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் நம்ம சமாச்சாரம் இருக்கிறது.

நம்மை எல்லாம் ஊரிலும் உறவிலும் ஒரு கேள்வி துரத்துகிறது. "என்ன படிக்கிற தம்பி?" "டிப்ளமோ மாமா." "ஓ... டிப்ளமோதானா? அப்புறம் பி.இ. சேர்ந்துடுவ இல்ல?" அந்த 'தானா'வில்தான் விஷயமே இருக்கிறது. கையில் கிரீஸ் படுகிற படிப்பு என்றால் ஒரு படி கீழே, ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்வது என்றால் ஒரு படி மேலே. இந்தக் கணக்கு ஊருக்கு மட்டும் இல்லை, நம்மில் பல பேருக்கும் உள்ளூர இருக்கிறது. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், அது நல்ல விஷயம். ஆனால் கை அழுக்காவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு போகாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவேலை ஒரு முழுமையான தொழில்நுட்ப அறிவு. அந்த அறிவை வைத்திருப்பவன் பெயர் அழிந்துபோகக் கூடாது. இந்த இரண்டுக்கும் அந்தக் கிண்ணம் சாட்சி சொல்லும்.

முதலில் கிண்ணத்தைப் பார்ப்போம்

ஜப்பானில் இதற்கு 'சாவான்' என்று பெயர். நாம் குடிக்கிற பால் டீக்கு இது இல்லை. 'மாட்சா' என்று பச்சைத் தேயிலையை மாவாக அரைத்து வைத்திருப்பார்கள். அந்தத் தூளைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கிலைச் சீவிச் செய்த ஒரு சின்ன மத்தால் நுரை வர அடிப்பார்கள். அடித்த கிண்ணத்திலேயே குடிப்பார்கள். ஆக, இந்தக் கிண்ணம் கலக்குகிற பாத்திரம், குடிக்கிற பாத்திரம் இரண்டும் சேர்ந்தது.

இந்த இரண்டு வேலைக்கும் ஏற்றபடி அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வாய் அகலம் பொதுவாக 12 செ.மீ. சுற்றி இருக்கும், உயரம் 7, 8 செ.மீ. மத்து தாராளமாக ஓடுவதற்கு அடிப்பாகம் உள்ளே விசாலமாக இருக்கணும். கூர்மையான மூலை இருந்தால் மத்தின் மூங்கில் பல் ஒடிந்துபோகும். நடுவில் ஒரு லேசான பள்ளம்: குடித்து முடித்ததும் மிச்சத் துளிகள் அங்கே வந்து தேங்க. கைப்பிடி கிடையாது, இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிக்கணும். அதனால் சுவர் சுடாத அளவுக்குக் கனமாக இருக்கணும், தூக்கச் சிரமப்படாத அளவுக்கு லேசாகவும் இருக்கணும். அடியில் ஒரு வளையம்: விரல் பிடிக்க, சூடு பாயில் இறங்காமல் இருக்க.

குளிர்காலத்துக்கு உயரமான, வாய் குறுகிய கிண்ணம். கோடைக்கு தட்டையான, வாய் அகன்ற கிண்ணம். பரப்பளவு கூடினால் சூடு சீக்கிரம் போகும் என்று நாம் தெர்மல் பாடத்தில் படித்து, ரெக்கார்ட் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்குகிறோம். அவர்கள் அதையே மண்ணில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கோணலா இருந்தா கலையா?

ஜப்பானில் டீ சம்பிரதாயத்தை இப்போதுள்ள ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவர் காலத்தில் கியோட்டோவில் சோஜிரோ என்ற ஒரு தொழிலாளி இருந்தார். ஓடு செய்கிற வேலை செய்தவர் என்பது மரபு. ரிக்யூவின் விருப்பப்படி அவர் செய்த கிண்ணங்கள்தான் 'ராக்கு' வகைக்கு ஆரம்பம். சோஜிரோ 1589-இல் இறந்தார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் கியோட்டோவில் அதே வேலையைச் செய்கிறது. 2019-இல் பதினாறாவது தலைமுறைக்காரர் பொறுப்பேற்றார். நானூறு வருஷத்துக்கு மேல் ஒரே பட்டறை!

ராக்கு கிண்ணத்துக்குச் சக்கரம் கிடையாது. மண்ணைத் தட்டையாக்கி, இரண்டு உள்ளங்கையால் சுற்றிலும் தூக்கிவிட்டு, கொஞ்சம் காய்ந்ததும் கத்தியால் செதுக்கி எடுப்பார்கள். அதனால்தான் வட்டம் கொஞ்சம் பிசகியிருக்கும், உதடு மேலும் கீழுமாக ஓடும்.

இதைப் பார்த்துவிட்டு, "ஓகோ, கோணலா இருந்தா அதுதான் கலை போல" என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியானால் நாமும் ஃபிட்டிங் ஜாப்பில் ஸ்கொயர் தப்பும்போது, "ஸார், இது ஜப்பான் ஸ்டைல்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே! விட மாட்டார்கள். விடவும் கூடாது. எங்கே பிசகலாம், எங்கே பிசகவே கூடாது என்று தெரிந்தவன் விட்டு வைக்கிற கோணல் வேறு. கை வராமல் வருகிற கோணல் வேறு. ராக்கு கிண்ணத்தில் வட்டம் பிசகலாம். சுவர்க் கனம் இஷ்டத்துக்கு மாறினால் சூளையில் வெடித்துவிடும். உதடு ஏறி இறங்கலாம். ஆனால் குடிக்கிற இடத்தில் வாயை உறுத்தினால் அது கிண்ணமே இல்லை. நம்ம டிராயிங்கில் சில அளவுக்கு டாலரன்ஸ் தாராளமாகக் கொடுத்து, சில அளவுக்கு மைக்ரான் கணக்கில் இறுக்குகிறோமே, அதே சங்கதிதான்.

கருப்பு ராக்கு சுடுவதைக் கேளுங்கள். சின்னக் கரிச்சூளை. ஒரு சமயத்துக்கு ஒன்றிரண்டு கிண்ணம்தான். துருத்தியால் காற்றடித்து 1,200 டிகிரி வாக்கில் சூடேற்றுவார்கள். மேல்பூச்சான கிளேஸ் உருகிப் பளபளவென்று வருகிற தருணம் பார்த்து, தகதகவென்று எரிந்துகொண்டிருக்கும் கிண்ணத்தை நீளக் குறட்டால் பிடித்து வெளியே எடுத்துவிடுவார்கள். சாதாரணப் பீங்கானை இப்படிச் செய்தால் படாரென்று போய்விடும். இது தாங்குவதற்குக் காரணம் மண்ணின் கலவை: சொரசொரப்பாக, நுண்ணிய துளைகளோடு, விரிவதற்கும் சுருங்குவதற்கும் இடம் விட்டு வைத்த மண். குறடு பிடித்த தடம் பல கிண்ணங்களில் அப்படியே இருக்கும். அதை மறைப்பதில்லை.

டெப்த் கேஜும் பேட்டர்ன் அலவன்ஸும்

மற்ற வகைக் கிண்ணங்களைச் சக்கரத்தில்தான் செய்கிறார்கள். ஹாகி, காரட்சு என்று ஊருக்கொரு வகை. அங்கேயும் கணக்குத்தான்.

முதலில் மண் பிசைவது. அழுத்தி அழுத்திச் சுழற்றும்போது மண் மடிப்பு மடிப்பாக விரிந்து செவ்வந்திப் பூ மாதிரி தெரியும். அதனால் அதற்கு 'செவ்வந்திப் பிசைவு' என்றே பெயர். அழகுக்காகப் பிசைவதில்லை. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றவும், ஈரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவும்தான். காஸ்டிங்கில் புளோ ஹோல் வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

அடுத்து அளவு. சக்கரக்காரரிடம் மூங்கிலில் செய்த ஒரு கருவி இருக்கும். ஒரு நேர்க்குச்சி, அதன் குறுக்கே இன்னொரு குச்சி. 'டோம்போ' என்பார்கள், அதாவது தட்டான்பூச்சி. குறுக்குக் குச்சி வாய் அகலத்தை அளக்கும், நேர்க்குச்சி ஆழத்தை அளக்கும். ஒரே வைப்பில் இரண்டு அளவு! நம்ம டெப்த் கேஜுக்கு ஜப்பானில் ஒரு மூங்கில் அண்ணன்.

அந்த டோம்போவை, கடைசியில் வேண்டிய அளவுக்குச் செய்வதில்லை, அதைவிடப் பெரிதாகச் செய்வார்கள். ஏனென்றால் மண் காய்ந்து, வெந்து முடிவதற்குள் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வரை சுருங்கிவிடும். ஃபவுண்டரியில் வார்ப்பிரும்புக்கு நூற்றுக்கு ஒன்று, ஸ்டீலுக்கு இரண்டு என்று பேட்டர்னில் அலவன்ஸ் விடுகிறோம். நமக்கு ஒன்று, இரண்டுக்கே தலை சுற்றுகிறது. அவர்களுக்குப் பதினைந்து!

சூளையிலும் பள்ளங்கள் உண்டு. 573 டிகிரியில் மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்தக் கட்டத்தை அவசரமாகத் தாண்டினால் கீறல் விழும். கிளேஸின் கதை இன்னும் ருசியானது. அதன் முக்கியச் சரக்கு சிலிகா. அது தனியாக உருக 1,700 டிகிரி வேண்டும். சூளையோ 1,250, 1,300-க்கு மேல் போவது கஷ்டம். அதனால் மரச்சாம்பல், ஃபெல்ட்ஸ்பார் இவற்றைச் சேர்த்து உருகுநிலையைக் கீழே கொண்டுவருவார்கள். நாம் ஃபர்னஸில் ஃபிளக்ஸ் போடுகிற மாதிரி. உருகின கிளேஸ் வழிந்து ஓடிவிடாமல் பிடித்து வைக்க அலுமினா. கிளேஸ், மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் மேற்பரப்பில் வலை வலையாக மெல்லிய விரிசல். ஹாகி கிண்ணத்தில் இந்த விரிசலுக்குள் டீ இறங்கி, வருஷக் கணக்கில் கிண்ணத்தின் நிறமே மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வரும். அதை ஒரு குணமாகவே கொண்டாடுகிறார்கள்.

இதையெல்லாம் தெர்மோகப்பிள் வருவதற்கு முன்பே எப்படிச் செய்தார்கள்? நெருப்பின் நிறத்தைக் கண்ணால் படித்தார்கள். சூளைக்குள் சின்னச் சின்ன மாதிரித் துண்டுகளை வைத்து, இடையிடையே கம்பியால் கொக்கி போட்டு வெளியே இழுத்து, கிளேஸ் உருகிவிட்டதா என்று பார்த்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால் இன்-பிராசஸ் இன்ஸ்பெக்‌ஷன். இப்போது சொல்லுங்கள், இது படிக்காதவன் வேலையா?

அவர்களும் நம்ம மாதிரி படித்தவர்கள்தான்

ஹமாடா ஷோஜி (1894–1978) என்று ஒருவர். இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானின் பெரிய மண்பாண்டக் கலைஞர்களில் ஒருவர். 1955-இல் ஜப்பான் அரசு அவரை, மக்கள் வழக்கில் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று சொல்கிற பட்டியலில் சேர்த்தது. அவர் எங்கே படித்தார் தெரியுமா? கலைக் கல்லூரியில் இல்லை. 1913-இல் டோக்கியோ உயர் தொழில்நுட்பப் பள்ளியில் செராமிக் பிரிவில் சேர்ந்தார். அந்தப் பள்ளி 1881-இல் தொழிலாளர் கல்விக்காகத் தொடங்கியது. பிற்காலத்தில் டோக்கியோ தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்து, 2024-இல் இன்னொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆரம்பத்தில் அதுவும் நம்ம பாலிடெக்னிக் மாதிரி ஒரு இடம்தான்.

அங்கே அவருக்கு சீனியர் காவாய் கான்ஜிரோ (1890–1966). இரண்டு பேரும் படிப்பு முடித்து, கியோட்டோ நகராட்சியின் செராமிக் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே செய்த கிளேஸ் சோதனைகள் பத்தாயிரம் என்று சொல்வார்கள். பத்து இல்லை நண்பர்களே, பத்தாயிரம்! நாம் ஒரு டைட்ரேஷனில் மூன்று ரீடிங் எடுப்பதற்குள் பக்கத்து டேபிள்காரனின் நோட்டை எட்டிப் பார்க்கிறோம்.

ஹமாடா 1920-இல் பெர்னார்ட் லீச்சோடு இங்கிலாந்து போய், செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரில் பட்டறையும் சூளையும் அமைக்க உதவினார். திரும்பி வந்து 1924-இல் தங்கியது டோக்கியோவில் இல்லை. சமையல் பானை, தண்ணீர் ஜாடி செய்கிற மஷிகோ என்ற கிராமத்துப் பக்கம். கரண்டியால் அள்ளி ஒரே வீச்சில் கிளேஸ் ஊற்றுவது அவர் பாணி. இவ்வளவு பெரிய தட்டுக்குப் பதினைந்தே விநாடிதானா என்று ஒருவர் கேட்டாராம். அந்தப் பதினைந்து விநாடியோடு அறுபது வருஷத்தையும் கூட்டிக்கொள்ளச் சொன்னாராம் ஹமாடா. இந்தப் பதிலை நம்ம ஒர்க் ஷாப் சுவரில் எழுதி வைக்கலாம். பத்து நிமிஷத்தில் ரிப்பேர் செய்துவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்கிற மெக்கானிக்கிடம் பேரம் பேசுகிறோமே, அப்போது ஞாபகம் வரட்டும்.

இந்த வழியில் நம்ம நாட்டுக்கும் ஒரு கிளை உண்டு. குருசரண் சிங் 1919-இல் செராமிக் தொழில்நுட்பம் படிக்க ஜப்பான் போனார். அங்கே லீச்சும் அவருடைய நண்பர்களும் பழக்கமானார்கள். திரும்பி வந்து டெல்லியில் கைவினைப் பீங்கானுக்கு ஒரு பட்டறையை உருவாக்கினார். நம்ம பக்கத்தில் பாண்டிச்சேரியில், ஜப்பானில் பயின்றுவந்த டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பழகிய பலர் இன்று நாடு முழுக்க வேலை செய்கிறார்கள். விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ படிப்பு இருக்கிறது. ஆகவே இது எங்கோ ஜப்பான் சங்கதி என்று தள்ளிவிட முடியாது.

எட்டுக் கிண்ணம், ஒரே ஒரு பெயர்

இதுவரை சொன்னது பாராட்டு. இனிச் சொல்லப்போவது கோபம்.

ஜப்பானின் தேசியப் பொக்கிஷப் பட்டியலில் டீக்கிண்ணங்கள் மொத்தம் எட்டு. ஐந்து சீனாவில் செய்தவை, ஒன்று கொரியாவில் செய்தது, இரண்டு மட்டுமே ஜப்பானில் செய்தவை. இந்த எட்டில் செய்தவர் பெயர் தெரிந்தது ஒன்றே ஒன்று: 'ஃபுஜிமலை' என்று பெயர் பெற்ற கிண்ணம். செய்தவர் ஹோனாமி கோயெட்சு (1558–1637). அவரும் தொழில்முறைக் குயவர் இல்லை. வாள் தீட்டி மதிப்பிடுகிற வசதியான குடும்பத்தில் பிறந்தவர், எழுத்துக் கலையில் புகழ் பெற்றவர். அவர் கிண்ணங்கள் வெந்தது ராக்கு குடும்பத்தார் சூளையில். மற்ற ஏழு கிண்ணத்தையும் செய்த கைகள் யாருடையவை? யாருக்கும் தெரியாது.

அந்தக் கொரியக் கிண்ணத்தைப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வாய் அகலம் சுமார் 15 செ.மீ. மங்கலான பழுப்பு நிறம், அடியில் கிளேஸ் சுருண்டு மணி மணியாகக் கிடக்கும். இப்போது கியோட்டோவில் டைட்டோகுஜி மடத்தைச் சேர்ந்த ஒரு சிறு கோயிலில் இருக்கிறது. 1931-இல் அதை நேரில் பார்த்த அறிஞர் யானகி சோயெட்சு, பேர் தெரியாத ஏழைத் தொழிலாளி ஏழைகளின் சோற்றுக்குச் செய்த சாதாரணக் கிண்ணம்தான் உலகத்தின் உன்னதம் என்று உருகி எழுதினார். அது சோற்றுக் கிண்ணம் இல்லை, சடங்குப் பாத்திரம் என்று பிற்காலத்தில் சிலர் மறுத்தார்கள். அந்த வாதம் இருக்கட்டும். கிண்ணத்தின் பெயர் என்ன தெரியுமா? 'கிஸாயெமோன்'. அது செய்தவன் பெயர் இல்லை. ஒரு காலத்தில் அதை வைத்திருந்த ஒஸாகா வியாபாரியின் பெயர்! வாங்கினவன் பெயர் நிலைத்தது, செய்தவன் பெயர் மண்ணோடு போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பான் ஆட்சியாளர் ஹிதேயோஷி 1592-லிருந்து 1598 வரை கொரியாவின் மேல் படையெடுத்தார். திரும்பும்போது பிரபுக்கள் கொரியக் குயவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பொன்னைக் கொள்ளையடிக்கிற மாதிரி தொழில் தெரிந்த கையைக் கொள்ளையடித்தார்கள். ஹாகி கிண்ணம் தொடங்கியது அப்படிப் போன யி ஜாக்-குவாங், யி கியோங் என்ற சகோதரர்களால். கியூஷூ தீவின் தெற்கே கொண்டு போகப்பட்ட ஷிம் குடும்பம் நானூறு வருஷமாகத் தங்கள் கொரியக் குடும்பப் பெயரை விடாமல் அதே தொழிலைச் செய்கிறது. அந்த வரிசையில் பதினான்காமவர் 2019-இல் காலமானார், மகன் தொடர்கிறார். கிண்ணத்தைக் கையில் ஏந்தி "ஆகா, என்ன எளிமை, என்ன அமைதி" என்று ரசிக்கிறவர்கள் இதையும் சேர்த்து ரசிக்கட்டும். எனக்கு அந்த அமைதி கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

பெயர் போடாமல் வேலை செய்வதே உயர்ந்தது என்று யானகி சொன்னார். ஹமாடாவும் தன் பாத்திரத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஹமாடா கையெழுத்துப் போடாவிட்டாலும் உலகத்துக்கு அவர் யார் என்று தெரியும். பெயரை வேண்டாம் என்று ஒதுக்க அவரால் முடிந்தது. கொரியக் குயவனிடம் அந்தப் பேச்சே எழவில்லை, அவனிடம் யாரும் பெயரே கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கி 'பணிவு' என்று பெயர் வைப்பது நியாயமா?

சி.என்.சி. காலத்தில் இதெல்லாம் எதுக்கு?

"இப்ப எல்லாம் சி.என்.சி., ரோபோ. கையால ஃபைல் பிடிச்சு என்ன ஆகப்போவுது?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஜப்பானில் மினோ என்று ஒரு பகுதி. பழைய 'ஷினோ' கிண்ணங்கள் பிறந்த இடம். அது மறந்தே போய், பக்கத்து செட்டோவில் செய்தது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த சமயத்தில், 1930-இல் அராகாவா டோயோசோ என்ற குயவர் ஒரு பழைய சூளை மேட்டில் உடைந்த ஓடு ஒன்றைக் கண்டுபிடித்து உண்மையை நிலைநாட்டினார். அதே மினோதான் இன்றைக்கு இயந்திரங்கள் வைத்து ஜப்பானின் சாப்பாட்டுத் தட்டு, கிண்ணங்களில் பெரும் பங்கைத் தயாரிக்கிறது. ஒரே மண்ணில் ஃபேக்டரியும் இருக்கிறது, கைச்சூளையும் இருக்கிறது. ஒன்று இன்னொன்றைக் கொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

சி.என்.சி. கொடுத்த புரோகிராமைச் செய்யும். டூல் மழுங்கும்போது சத்தம் மாறுவதும், சிப் நீலம் பாய்வதும், ஜாப் அதிர்வதும் யாருக்குத் தெரியும்? ஒரு தடவையாவது லேத்தில் கையால் ஃபீட் கொடுத்துப் பார்த்தவனுக்குத்தான். சென்சார் வைக்கலாம், எந்த இடத்தில் அலாரம் அடிக்கணும் என்று அதற்குச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நாம் இருக்கலாம். பி.இ. படித்தவருக்கும் ஐ.டி.ஐ. படித்தவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோம் என்று புலம்புகிறோமே, கணக்கும் தெரியும், கையும் தெரியும் என்று நிமிர்ந்து நிற்கக்கூடிய இடமும் அதே நடு இடம்தான். ஹமாடாவும் காவாயும் நின்றது அங்கேதான்.

செய்யக்கூடிய மூன்று காரியம்

சும்மா பேசிவிட்டுப் போனால் போதாது. சங்கத்துக்கும், நிர்வாகத்துக்கும், நமக்கும் மூன்று யோசனை.

ஒன்று: வருஷா வருஷம் நாம் செய்கிற ஜாப்கள் மார்க் போட்டதும் ஸ்க்ராப்பில் விழுகின்றன. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் நல்லதாகப் பத்தை எடுத்து, செய்தவர் பெயர், வருஷம் எழுதி, ஒரு கண்ணாடி அலமாரியில் வையுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. முதலாண்டில் சேருகிற தம்பியும் தங்கையும் அதைப் பார்த்து, "இதை நம்ம அண்ணன் செஞ்சாரா, நம்ம அக்கா செஞ்சாங்களா" என்று கேட்கட்டும்.

இரண்டு: நம்ம ஒர்க் ஷாப்பில் இருபது, முப்பது வருஷம் வேலை பார்த்த இன்ஸ்ட்ரக்டர்கள், லேப் உதவியாளர்கள் ரிட்டையர் ஆகும்போது மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர்கள் கைக்குத் தெரிந்தது அவர்களோடேயே வீட்டுக்குப் போய்விடுகிறது. ராக்கு குடும்பத்தில் கிளேஸ் பக்குவத்தை மகனுக்குக்கூடச் சொல்லித்தருவதில்லை, அவனவன் தேடிக் கண்டுபிடிக்கணும் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த வீட்டில் பிள்ளை அப்பாவின் பக்கத்திலேயே வளர்கிறான், அது அவர்களுக்குச் சரிப்பட்டு வரும். நமக்கு மூன்றே வருஷம். ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்து, அவர்கள் சொல்லும் சின்னச் சின்னப் பக்குவங்களை அவர்கள் பெயரோடு எழுதி லைப்ரரியில் வைப்போம்.

மூன்றாவது நமக்கு, கொஞ்சம் கசக்கும். காசு கொடுத்து வாங்குகிற ரெடிமேட் ப்ராஜெக்ட்டை விட்டுவிடுவோம். எவனோ செய்ததில் நம்ம பெயரை ஒட்டி வைவாவில் நிற்கிறோமே, அந்த ஒஸாகா வியாபாரி செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவராவது தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை! நாமே செய்தது ஓடாமல் நின்றாலும் பரவாயில்லை. ஏன் நின்றது என்று சொல்லத் தெரிந்தால் அதற்கு மார்க் கொடுங்கள் என்று சங்கம் கேட்கட்டும். நான் முதல் ஆளாக வந்து நிற்கிறேன்.

அடுத்த தடவை "டிப்ளமோதானா?" என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். "ஆமாங்க, கையும் கணக்கும் சேர்ந்த படிப்பு" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

வேலையை நாமே செய்வோம். செய்த வேலையில் பெயரைப் போடுவோம்.